உன் கைக்குக் கீழே நின்றேன்

மாமு,

இன்று காலை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மருமகளோடு போகும்போது நனைந்த சாக்கு வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாதி எழும்பிய கட்டடத்தின் விளிம்பில் ஒருவன் கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மெல்ல ஆட்டி, அச்சாக உன்னைப்போலவே. நீ போய் எத்தனையோ வருடம் ஆகியும் எனக்குத் திக்கென்றது.

எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்தில், கப்பலின் அடித்தளத்தில் மூட்டை அடுக்கும் கூட்டத்தில் நான். மேல்தளத்தில், திறப்பின் விளிம்பில் நீ. பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டுபவர் கண்ணுக்கு நாங்கள் தெரியமாட்டோம், எங்கள் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தவன் நீ ஒருவன்தான். நீ கை காட்டினால்தான் மூட்டைக் கட்டு எங்கள் தலைக்கு மேல் இறங்கும். கை தவறினால் எங்களை நேரே மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத்தான் தூக்க வேண்டும்.

அந்த வருடம் எனக்கு என்னவோ ஆகியிருந்தது. வீட்டில் குறையில்லை, சண்டையில்லை. ஆனாலும் விடிந்தால் எழப் பிடிக்காது, சோறு மண்ணாக இருக்கும். காரணம் தெரியாததுதான் பெரிய பயம். ஒருநாள் பட்டப்பகலில், தோளில் மூட்டையோடு அழ ஆரம்பித்தேன். அடக்க அடக்க அழுகை கூடியது.

"ஆம்பள அழுவறத பாரேன்," என்றான் ஒருவன்.

"கீழ்ப்பாக்கம் கேஸு," என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே நமக்கு வசவு.

நீ ஏணியில் இறங்கி வந்தாய். ராயபுரத்தில் யாரும் எதிர்த்துப் பேசாத ஆள், மாதா தேருக்கு முதலில் தோள் கொடுப்பவன். யாரையோ அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

"இன்னா சிரிப்பு? நானும் கீழ்ப்பாக்கம் போய்ட்டு வந்தவன்தான். ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் படுத்துகினு இருந்தேன். இன்னும் மாத்திரை துன்னுகினுதான் கீறேன்."

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. நீயா? உனக்கா? இடி விழுந்த மாதிரி உன் முகத்தையே பார்த்தேன். நேற்றுப் பார்த்த அதே முகம்.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இத்தினி நாளா பைத்தியக்காரன் கையை நம்பியா நின்னுகினு இருந்தோம்? இனிமே நீ கை காட்ட வேணாம்பா."

நீ ஏணியேறி உன் இடத்தில் நின்றாய். கட்டு வந்து மேலே தொங்கியது. ஆட்கள் சுவரோரமாக ஒதுங்கினார்கள். கீழே ஆள் நின்று பிடிக்காமல் கட்டு இறங்காது. யாரும் நிற்காவிட்டால் அன்றோடு உன் வேலை போச்சு. எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் கை இதுவரை ஒருத்தர் நகத்தைக்கூடப் பெயர்த்ததில்லையே.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். இரண்டு கையையும் மேலே நீட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். உன் கை நடுங்கவில்லை. கட்டு அலுங்காமல் இறங்கி என் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்.

மறுவாரம் நீயே என்னைக் கீழ்ப்பாக்கம் பஸ்ஸில் ஏற்றினாய். நான் படியில் தயங்கியபோது, "பேஜாரு பண்ணாத, ஏறு," என்றாய். அதற்குமேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

இன்று அந்தக் கட்டடத்துக்கு எதிரே டீக்கடையில் மருமகளோடு உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு வாலிபன். டீ ஆறிப்போயிருந்தது, அவன் தரையையே வெறித்துக்கொண்டிருந்தான். கூட வேலை பார்ப்பவர்கள், "கீழ்ப்பாக்கம் கேஸு," என்று சிரித்தார்கள். அதே வார்த்தை, இத்தனை வருடத்துக்குப் பிறகும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானும் கீழ்ப்பாக்கம் போய்ட்டு வந்தவன்தான்பா," என்றேன்.

சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் என் முகத்தையே பார்த்தாள். அன்று நான் உன்னைப் பார்த்த பார்வை அது. அந்த வாலிபன் மட்டும் எழுந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.