ஒட்டிப்போட்ட அத்தியாயம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அம்மா போனதிலிருந்து அது ஒரு நிலையில் இல்லை. சலவைக் கடையில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளி திறந்ததில் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. உன் அத்தை நம் வீட்டில்தான் இருக்கிறாள், அடுப்பையும் என்னையும் சேர்த்து அதட்டிக்கொண்டு.

உன் தங்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும். வாய் ஓயாத பெண், இப்போது எதைக் கேட்டாலும் ஒரு 'ம்' உடன் சரி. துக்கத்துக்கு வந்த யார் முன்னாலும் அவள் அழவில்லை, கல்நெஞ்சக்காரி என்று சிலர் காதுபடவே பேசினார்கள். போன வாரம் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தாள், அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதியதாம். அவள் கொண்டுவரும் புத்தகங்களை அத்தை முதலில் புரட்டிப் பார்ப்பாள், கதையில் யாராவது செத்தால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்வாள். இதில் கதாநாயகியின் அம்மாவே சாகிறாள். மறுபடியும் திருப்பச் சொன்னால் பிள்ளை முகம் வாடுமே என்று, அந்த அத்தியாயத்தை மட்டும் மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டாள். பாவம், பாசத்தில்தான் செய்தாள்.

சின்னவள் புத்தகத்தோடு நேரே கடைக்கு வந்துவிட்டாள். "இந்த அம்மா எப்படிச் செத்தாங்கன்னு கூட எனக்குச் சொல்ல மாட்டீங்களாப்பா" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பரீட்சை இருக்கிறதே என்று அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, தேறிவருகிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம் இல்லையா. நீராவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, தாள்மேல் ஈரத்துணி விரித்து ஆவி காட்டினேன். பசை இளகி ஒவ்வொரு தாளாகப் பிரிந்தது. மேசையோரம் நின்றே எனக்கும் கேட்கும்படி வாசித்தாள். அந்தக் கதைப் பெண்ணுக்கும் அழுகை வரவில்லை, தன்னை விட்டுப் போன அம்மா மேல் கோபம்தான் வருகிறது. "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேம்பா" என்றவள், அப்போதுதான் உடைந்து அழுதாள். எத்தனை பேர் ஆறுதல் சொன்னோம், ஒன்றும் எடுபடவில்லை. முன்பின் தெரியாத யாரோ எழுதிய ஒரு கதை அவளை அழவைத்தது. கதைப் புத்தகம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று இனி யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். அத்தையும் விஷயம் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அழுது ஓய்ந்ததும், "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க" என்று கேட்டாள். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன், பக்கத்தில் இருந்தது நீ ஒருவன்தான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாய். நாங்கள் தாங்கமாட்டோம் என்று நினைத்திருப்பாய், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கைக்கு எழுதப்பா. வலித்தது என்றால் வலித்தது என்றே எழுது, அம்மா அவளைத் தேடினாள் என்றால் அதையும் எழுது.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் அவள் பெயருக்கே அனுப்பு, அவள்தான் முதலில் பிரிக்க வேண்டும். படித்துவிட்டு என்னிடம் கொடுக்கிறாளா என்று காத்திருப்பேன், எனக்கும் தெரியாதே.

உன் அப்பா