குகை நாற்பது மீட்டர் முன்பே முடிந்தது

மார்ச் 4, 2024, திங்கள்

வாழைக்காய் பேக்கிங் கூடத்தில் இன்று தார் வரத்து குறைவு. பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து — வீடு என்று எழுதக் கை இன்னும் கூசுகிறது, அரசாங்கம் கொடுத்த மரப்பெட்டிதானே — கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். ஒரு ஹெல்மெட் தட்டுப்பட்டது. நெற்றியில் விளக்கு. உள்ளே என் கணவனின் நரைமுடி ஒன்று.

தோட்டத்தில் குழாய் வேலை என்றுதானே தினமும் போகிறான், அதற்கு இது எதற்கு?

மார்ச் 5

கேட்டேன். "மோட்டார் ரூம் இருட்டா இருக்கு" என்றான் எலாடியோ. பொய் சொன்னால் காதைச் சொறிவான். சொறிந்தான்.

மார்ச் 9, சனி

இந்த லா பால்மா தீவில் எதையும் மறைக்க முடியாது. சந்தையில் நாத்தனார் கோரோமோட்டோ போட்டு உடைத்தாள்.

"என்னடி டெலியா, உனக்குத் தெரியாதா? அண்ணன் ஜனவரிலேர்ந்து கைடு வேலைக்குப் போகுது. புது லாவா மேல நடைபாதை போட்டிருக்காங்கல்ல, டூரிஸ்டுங்கள அதுல கூட்டிட்டுப் போயி குகையக் காட்டுது."

எங்கள் வீட்டையும் தெருவையும் மூடிய லாவா. கல்லறைத் தோட்டத்தின் மேல்பாதியையும் மூடிய லாவா. இங்கே சவப்பெட்டியைச் சுவர் மாடத்துக்குள் வைத்து அடைப்பதுதான் வழக்கம்; அந்த மேல்பாதிச் சுவரில் ஒரு மாடத்தில்தான் என் மகள் இருக்கிறாள். இடாய்ரா. பத்தொன்பது வயது. மூளைக்காய்ச்சல், ஆறே நாள். அவளை அங்கே வைத்த நாலாவது வருஷம் எரிமலை வெடித்தது.

வீடு போனதற்கு நான் அழவில்லை. அவள் மேல் இப்போது பன்னிரண்டு மீட்டர் கல். அந்தக் கல்லின் மேல் செல்ஃபி எடுக்கிறவர்களைக் கூட்டிப்போகிறான், அவளுடைய அப்பன்.

மார்ச் 10

"பெத்த பொண்ணு நெஞ்சு மேல கண்டவங்கள நடக்க விடுறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

இவ்வளவும் நான் கத்தியது. வறுத்த சோளமாவில் பிசைந்த கோஃபியோ தட்டிலேயே கிடந்தது. அவன் எழுந்து போய்விட்டான்.

மார்ச் 11

பேச்சில்லை.

ஏப்ரல் 14

பேச்சில்லை. ஐந்து வாரம். இந்தப் பெட்டிக்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்கவே ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

மே 12, ஞாயிறு

நானே போனேன். அவனிடம் சொல்லாமல் பேர் பதிந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். மொத்தம் பதினோரு பேர், பாதி ஜெர்மன்காரர்கள். என்னைப் பார்த்ததும் அவன் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு டிக் அடித்து ஹெல்மெட்டை நீட்டினான். "பட்டைய நல்லா இறுக்கிக்க." இரண்டு மாதத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

கால் வைத்த இடமெல்லாம் கண்ணாடி நொறுங்குவதுபோல் சத்தம். சில பிளவுகளில் இன்னும் சூடு. அரைமணி நேரம் நேராகப் போன பாதை, திடீரென்று இடப்பக்கம் திரும்பியது.

மலகாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் சலித்துக்கொண்டான். "குகை வாசல் அதோ நேரா தெரியுதே. எதுக்குண்ணே இவ்வளவு சுத்து?"

"அங்க தரை லேசு. காலு உள்ள போயிரும்" என்றான் எலாடியோ. கை காதுக்குப் போனது.

நான் வலப்பக்கம் பார்த்தேன். கரிய கல்லுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சுவர்மூலை. கல்லறைத் தோட்டத்தில் லாவா மூடாமல் விட்ட கீழ்ப்பாதிச் சுவர். அவன் அவளைச் சுற்றிப் போகிறான். ஒவ்வொரு கூட்டத்தையும், தினம் இரண்டு முறை.

குகைக்குள் புழுக்கம். கூரையிலிருந்து உருகி வழிந்த கல் அப்படியே உறைந்து தொங்கியது. கடைசியில் இடிந்த பாறைகள் வழியை அடைத்திருந்தன. எல்லோரையும் உட்காரவைத்து விளக்கை அணைக்கச் சொன்னான். இங்கே வருகிறவர்களுக்கு அந்த இருட்டுதான் பெரிய வேடிக்கையாம். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மூச்சில் தெரிந்தது.

"அளவெடுக்க வந்தவங்களோட மொதல்ல நானும் உள்ள வந்தேன்" என்றான் மெதுவாக. "குகை அவ பக்கமாத்தான் போகுதுன்னு சொன்னாங்க. அடியில போயாவது கிட்டத்துல நின்னுரலாம்னு பாத்தேன், டெலியா. நாப்பது மீட்டர் இருக்கறப்பவே அடைச்சிருச்சு."

யாரோ தும்மினார்கள். விளக்குகள் எரிந்தன. நான் பாறையைப் பார்த்தபடி இருந்தேன். நான் பேசிய பேச்சென்ன, இந்த மனிதன் செய்துகொண்டிருந்தது என்ன.

மே 13

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

நவம்பரிலிருந்து பாதை நேராகப் போகுமாம். நடக்க இரும்புச் சட்டம் அடித்தாயிற்று. சுற்றுவழி வீண் என்று வருகிறவர்கள் குறை சொல்கிறார்களாம். "அங்க கல்லறை இருக்கு" என்று எலாடியோ சொல்லியிருக்கிறான்.

"தெரியும்யா. எங்க அத்தையும் அங்கதான் இருக்காங்க. யாரு வீட்டு மேல, யாரு பொணத்து மேல நடக்காம இங்க நடக்க முடியும், சொல்லு?" என்று கேட்டாராம் மேற்பார்வையாளர்.

இவன் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

திங்கட்கிழமை புதுப்பாதை திறக்கிறது. காவலாளி எங்களை மட்டும் விட்டார்.

எலாடியோ கல்லறைத் தோட்டத்தின் பழைய வரைபடத்தைப் பார்த்து, சுவர்மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்தான். "முப்பத்தொரு மீட்டர். இங்கதான்."

நான் அங்கே நின்று கடல்பக்கம் பார்த்தேன். நாலு வருஷம் ஞாயிறுதோறும் அவள் மாடத்தருகே நின்று பார்த்த கடலோர மலை விளிம்பு இங்கிருந்து இடம் மாறித் தெரிந்தது. "இல்ல" என்றேன். தள்ளிப் போய் நின்றேன். "இங்க."

"டேப்பு பொய் சொல்லுமா?"

"சுவரயே லாவா தள்ளியிருக்கும். என் கண்ணு பொய் சொல்லுமா?"

"அவ ரெண்டாவது வரிசை—"

"மூணாவது! பூ வைக்க எனக்கு எட்டாம ஏணி போடுவேன்."

"அந்த ஏணிய யாரு பிடிச்சுக்கிட்டா? நான்தான?"

காற்றையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தோம். அவள் போனபின் இந்த ஏழு வருஷத்தில், அவளைப் பற்றி நாங்கள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியதில்லை. அவன் சட்டென்று குந்தி உட்கார்ந்து அழுதான். நான் போய் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிவுக்கு வரவில்லை. செவ்வந்திக் கட்டைப் பிரித்து இரண்டாக்கினோம். அவன் பங்கை அவன் அளந்த இடத்தில் வைத்தான். என் பங்கை நான் சொன்ன இடத்தில் வைத்தேன். காற்று அதை இழுத்தது. அவன் ஒரு கனமான கல்லைத் தேடி எடுத்துவந்து, காம்புகளின் மேல் வைத்தான்.