ஏற்றத்தில் மெதுவாக

ஆவணி, ஞாயிறு இரவு

வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகக் காரில் போனேன். மலைப்பாதையில் எனக்குப் பின்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி, அரிசி மூட்டைகளும் அவற்றின்மேல் நாலைந்து பெண்களுமாக ஏறி வந்தது. அதன் டிரைவர் அடிவாரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். எனக்கு எரிச்சல். கொண்டை ஊசி வளைவில் இன்னும் மெதுவாக்கினேன். பயத்தால் இல்லை, வேண்டுமென்றேதான்.

வேகம் குறைந்ததும் அந்த வண்டி நின்று, பின்னால் உருண்டது. பெண்கள் அலறிக்கொண்டு குதித்தார்கள். ஒருத்தி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் நின்றது. கடைசியாகக் குதித்தவளுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது.

காரிலிருந்து இறங்கி ஓடிய நான் முதலில் கேட்டது இதைத்தான்: "இப்படியா வேகமா வர்றது?"

"லோடு வண்டிங்க. ஏத்தத்துல வேகம் போச்சுன்னா திரும்ப எடுக்காது" என்றான் டிரைவர். "அதுக்குத்தான் ஹாரன் அட்ச்சிகினு வரேன். நீங்க இன்னாடான்னா சாமி ஊர்கோலம் மாதிரி போய்க்கினு இருக்கீங்க."

கால் வீங்கியவள்தான் அவனை அடக்கினாள். "வுடுய்யா, பாவம், அந்தம்மா பயந்துகினு மெதுவா வந்திருக்கும்."

அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் மூட்டைமேலேயே தூக்கி உட்காரவைத்தார்கள். நான் ஓரமாக நின்று வழிவிட்டேன். அதை அடிவாரத்திலேயே செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்.

"மலையில மெதுவாத்தானே ஓட்டின?"

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

"அதான், உன்னை அனுப்பிட்டு நான் கவலையே படறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.