ஒரே அறையிலிருந்து வந்த சஞ்சிகை

இன்று காலை அம்மாவின் நெற்றியில் ஓடிக்கொலோன் தடவும்போது உன் அறையின் மணம் வந்தது. நயினாதீவில், பாதி திறந்த யன்னலோரம் மடிக்கணினியை மடியில் வைத்தபடி நீ கட்டிலில் சாய்ந்திருக்கும் அந்த அறை. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

உனக்கு இதயத்தில் கோளாறு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மட்டும் உன்னைப் படகில் தூக்கி ஏற்றுவார்கள். அந்த அறைக்குள் இருந்துகொண்டுதான் சஞ்சிகை தொடங்குவோம் என்றாய். வீடு, உடுப்பு, சாப்பாடு, செடிகொடி, கைவேலை என்று தீவுச் சனங்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வடிவாக்கிக்கொள்ளும் விதங்களைச் சொல்ல ஒரு சஞ்சிகை. நீ பக்கங்களை வடிவமைப்பாய். நான் புங்குடுதீவிலிருந்து படகேறி வந்து எழுதுவேன். கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் நம் சிநேகிதன் அன்ரன், ஊர்காவற்றுறையிலிருந்து கமராவோடு வருவான். 'ஈரமணல்' என்று பெயர் வைத்தோம்.

முதல் இதழுக்கு அவன் சூரியன் கடலில் இறங்கும் படங்களாகவே கொண்டு வந்தான். நீ ஒன்றையும் எடுக்கவில்லை.

"வெளிநாட்டில இருக்கிறவை பாத்து ஏங்கிறதுக்கே நாங்கள் புத்தகம் போடுறம்? இஞ்ச இருக்கிற சனம் எப்பிடி இருக்குதெண்டு காட்டு."

இரண்டாம் இதழில் நீயே எழுதினாய். ஒரே அறைக்குள் வாழ்வது எப்படி என்று. கட்டிலை எந்தப் பக்கம் திருப்பினால் வெயில் முகத்தில் அடிக்காது, எது கைக்கெட்ட இருக்கவேண்டும், எந்த நிறத் திரைச்சீலை பார்த்துப் பார்த்தும் சலிக்காது. படம் எடுக்க வந்த அன்ரன், மேசையிலிருந்த மருந்துப் போத்தல்களை அள்ளிக் கட்டிலுக்குக் கீழே வைத்தான்.

"அதை எடுத்து வை" என்றாய்.

"படத்துக்கு வடிவா இருக்காது."

"அதுவும் என்ரை வீடுதான். இதுக்குள்ள கிடந்து எனக்கு விசர் பிடிக்குது, தெரியுமே? அதையும் மறைச்சால் நான் எங்க இருக்கிறன்?"

உனக்கு மூச்சு வாங்கியது. அன்ரன் போத்தல்களைத் திரும்ப மேசையில் அடுக்கினான். அந்தப் படம்தான் அட்டையில் வந்தது.

சில நாட்களில் காரைநகரிலிருந்து ஒரு பெண் உனக்குத் தொலைபேசி எடுத்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவர். "தங்கச்சி, மகன் என்ரை கட்டிலைத் திருப்பிப் போட்டவன். இப்ப ரோட்டில போறவையைத் தெரியுது" என்றார். அவரோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாய். தொலைபேசியை வைத்ததும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாய்.

அன்ரனுக்குப் பிரான்ஸ் விசா கிடைத்தபோது, "போ. போய்ப் படம் அனுப்பு" என்று மட்டும் சொன்னாய்.

மூன்றாம் இதழ் பாதியில் இருக்கும்போது உன் இதயம் நின்றுவிட்டது. செத்தவீட்டன்று சரியான காற்று. எங்கள் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன.

"இண்டைக்கு விடேலாது பிள்ளை" என்றார் படகோட்டி.

எதிரே உன் தீவு தெளிவாகத் தெரிந்தது. உன்னை வீட்டிலிருந்து எடுக்கும் நேரமும் எனக்குத் தெரியும். அந்த நேரம் வந்தது, கழிந்தது. நான் இந்தக் கரையில் நின்றேன்.

பிறகு அம்மா பாரிசவாதத்தில் விழுந்தார். கொழும்பில் கிடைத்த வேலைக்கு நான் போகவில்லை. "நீ அங்க இருக்கிறதாலதான் எனக்கு நிம்மதி" என்று கனடாவிலிருந்து அண்ணை சொல்கிறார். சமைக்கிற குசினிக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவில் என் நாட்கள் போகின்றன. இந்த வீட்டின் சுவர்களை நான் வெறுக்கிறேன். அம்மாவை வெறுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் விளங்கிக்கொள்ள நீ ஒருத்திதான் இருந்தாய்.

அன்ரன் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். நான்கு பேர் படுக்கும் அவனுடைய அறை. குறுக்கே கட்டிய கயிற்றில் ஈர உடுப்புகள். ஒன்றையும் அவன் எடுத்து மறைக்கவில்லை. அந்தப் படத்தோடு மூன்றாம் இதழை மறுபடி தொடங்கியிருக்கிறோம்.

உன் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் உன் பொறுமையைப் பற்றியே பேசினார்கள். அது நீ இல்லை. நான் வைத்திருப்பது உன் கோபத்தைத்தான். நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்க்க வந்து, "நீர் சரியான பொறுமையான பிள்ளை" என்றார்.

"இல்லை அக்கா," என்றேன், "எனக்குச் சரியான கோபம்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "சொல்லும்" என்று இருந்தார்.