பெண்கள் குளியல்கூடத்து வளைவில் கடல் மணல்

அனுப்புநர்:
பிலெரோஸ், சாந்து குழைப்பவன்,
சுண்ணாம்புச் சூளைக்குப் பின்புறம்,
துறைமுகத் தெரு, ஆண்டியம்.

பெறுநர்:
நகரக் கட்டட மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
ஆண்டியம்.

பொருள்: பெண்கள் குளியல்கூடத்தின் புதிய வளைவில் அலசாத கடல் மணல் கலந்தது – வளைவைத் தாங்கும் மர முட்டுகளைப் பிரிப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாந்து குழைக்கிறேன். மேற்படி வளைவுக்குக் குழைத்ததும் நானே. ஆகவே இம்மனுவின் முதல் குற்றவாளி மனுதாரர்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. வளைவுக்கென, நிலத்தில் தோண்டி எடுத்த குழி மணல் நாற்பது வண்டி வந்து இறங்கியது. கையில் கசக்கினால் கரகரக்கும். வெள்ளைத் துணியில் கொட்டி உதறினால் கறை வைக்காது. ஒப்பந்தக்காரர் வெசோனியஸ் அதை அப்படியே விளையாட்டரங்கிற்கு அள்ளிப் போய்விட்டார். அங்கே மணல் பரப்பும் ஒப்பந்தமும் அவருடையதே. அரங்கில் ஒருவன் வழுக்கி விழுந்தால் ஊரே பார்க்கும்; சாந்துக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? எங்களுக்கு வந்தது கரையில் வாரிய ஈர மணல்.

3. நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிக் காயவைக்க இருபது நாள் கேட்டேன். "விளையாட்டுக்கு முன்னாடி கூடத்தத் தொறந்தாகணும். மண்ணக் குளிப்பாட்டவாடா உன்ன வச்சிருக்கேன்? கலக்குடா!" என்றார். கலந்தேன். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை.

4. இப்போது சுவரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. கல் சுமக்கும் கோவேறு கழுதை சுமையை இறக்கியதும் நேராகப் போய்ச் சுவரை நக்குகிறது. வேலையாட்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஐயா. வளைவின் அடியில் விரல் வைத்தால் உதிர்கிறது.

5. அந்தக் கூடத்தில் குளிக்க வருவோரின் துணி காக்கும் வேலை என் மனைவி ஹெடிலாவுக்குக் கிடைத்திருக்கிறது. நான் விடிந்ததும் விடியாததுமாக ஓடி வளைவைப் பார்த்துவிட்டு வருவதைக் கண்டு, "என்னய்யா, செவுத்து மேல புதுசா ஆசையா? அப்ப ரொட்டியும் அதுகிட்டயே வாங்கித் தின்னு" என்று கேலி செய்கிறாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது; எழுந்தால் கால் அங்கேதான் போகிறது.

6. முட்டுகளை நாளை மறுநாள் பிரிக்கிறார்கள். எங்கள் தொழில் வழக்கப்படி, பிரிக்கும்போது சாந்து குழைத்தவன் வளைவுக்கு அடியில் நடுவே நிற்க வேண்டும். பதினேழு வளைவுகளுக்கு அடியில் நின்றிருக்கிறேன். ஒருமுறையும் பயந்து தலை தூக்கிப் பார்த்ததில்லை. உயிருக்குப் பயந்து எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். பயம்தான். ஆனால் அன்றே விழும் என்று என்னால் உறுதி கூற முடியாது. வெந்நீர் ஆவி ஏறி ஏறி, குளிர்காலத்தில் ஒருநாள் விழலாம். அப்போது அடியில் இருப்பது நானல்ல, ஹெடிலாவும் குளிக்க வந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும்.

7. எனவே முட்டுகளை அப்படியே விட்டுவைத்து, வளைவை இறக்கி, குழி மணலில் மறுபடி கட்ட ஆணையிட வேண்டுகிறேன். எனக்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

8. கூலிக்காரன் பேச்சில் நம்பிக்கை வராவிட்டால், தாங்கள் வெசோனியஸை அழைத்து, முட்டு பிரிக்கும்போது என் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் வந்து நின்றால் இம்மனுவைக் கிழித்துப் போடலாம். வரமாட்டார், ஐயா. கழுதை சுவரை நக்கியதை முதலில் பார்த்தவர் அவர்தான். அன்று முதல் அவர் கூடத்து வாசலுக்கு வெளியே நின்றுதான் எங்களைக் கூப்பிடுகிறார்.

நாள்: செப்டம்பர் முதல் நாளுக்கு நான்கு நாள் முன்பு
இடம்: ஆண்டியம்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
பிலெரோஸ்
(மணலைக் கலந்தவன்)