முருகேசனின் கேட்ச்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

விளையாட்டை விட்டுப் பயிற்சியாளரான பிறகு எனக்கு இதுதான் முதல் ஆட்டம். போடி மைதானத்தில் தேவாரம் அணியோடு. கடைசி ஓவரில் ஒரு விக்கெட் விழுந்தால் வெற்றி எங்களுக்கு. அவர்கள் ஆள் தூக்கி அடித்தான். பந்து எல்லைக்கு வெளியே நான் நின்ற பக்கமே வந்தது. குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் எங்கள் ஆட்டக்காரன் முருகேசன் அதைப் பிடிக்க ஓடிவந்தான். அதற்குள் நான் சுண்ணாம்பு எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பிடித்துவிட்டேன். நடுவர் செல்லாது என்றார். அடுத்த பந்தில் தோற்றோம்.

முருகேசன் கத்தவில்லை. "அண்ணே, அது எனக்கு வந்த பந்துண்ணே. ஏலக்காய் லோடை விட்டுட்டு இதுக்குத்தான வந்தேன்," என்றான்.

உள்ளங்கை இன்னும் எரிகிறது. பிடித்த அந்த நொடியில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மட்டும் அவனிடம் சொல்லவே முடியாது.