சேஸுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன், மாமா

என் சகாயம் மாமாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் நீ செய்துவைத்துவிட்டுப் போன கார் சேஸுக்கு, அந்த இரும்புக் கூட்டுக்கு, போன ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன். எங்கேயும் வழியவில்லை, தூசிப் புள்ளி இல்லை. எங்கள் கம்பெனி லைனில் இப்படி ஒன்று வந்தால் இரண்டாவது தடவை பார்க்காமல் அனுப்பிவிடுவேன்.

போன மாதம் வரை, ஒன்றேகால் வருடம், அந்த ஷெட்டுக்குள் நான் கால் வைக்கவே இல்லை. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் கதவைத் தொட முடியவில்லை. வீட்டில் இப்போது நானும் உன் அம்மாவும் மட்டும்தான். அத்தை மாதம் ஒரு தடவையாவது கேட்பாங்க. "இன்னா ஸ்டெல்லா, அந்த இரும்ப எத்தினி நாளு வச்சிகினு இருக்கப்போறே? எடைக்குப் போட்டுடு. அத நெனச்சாலே வவுறு எரியுது எனக்கு."

அந்த வண்டிதான் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று அத்தை நம்பினாங்க. உன்னைக் கொண்டுபோனது நான்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஒரகடத்தில் பதினெட்டு வருடம் வெல்டிங் வேலை. கார் சீட்டுக்கு அடியில் போகிற ஒரு துண்டு, தினமும் அதே துண்டு. "அது எந்த வண்டிக்குள்ள போவுதுன்னே எனக்குத் தெரியாது ஸ்டெல்லா. முழுசா ஒரு வண்டி என் கையால செய்யணும்" என்று சொல்லித்தான் பைப்பும் ராடும் வாங்கிவந்து ஆரம்பித்தாய். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று தெரியும். உன் கூட வேலை பார்த்த தனபால் அண்ணன் வீட்டுப் பக்கம், இன்னும் வீடுகள் வராத லேஅவுட்டில் நான்கு சுற்று ஓட்டினால் போதும் என்றாய். வெல்டிங் உன் பொறுப்பு, பெயின்ட் என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். நான்தானே பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவள். குறை இருக்கும் இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுவதுதான் என் பிழைப்பு.

நீ போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் "முடிஞ்சிது, வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டாய். நானும் டார்ச் லைட்டோடு வந்தேன். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து ஏழு இடத்தில் வெள்ளை வட்டம் போட்டேன். உன் முகம் மாறியது.

"நீ பெயின்ட்ல தூசி பாக்கறவ. எனக்கு ரிஜெக்ட் போடறியா?"

"இதுல உக்காரப் போறது நீதானே மாமா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் கை முன்ன மாதிரி இல்ல" என்றும் சொல்லிவிட்டேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நீ என்னோடு பேசவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கிரைண்டர் சத்தம் சமையலறையில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கோபத்தை இரும்பின் மேல் காட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். நானும் வீம்பாக வரவில்லை. புதன்கிழமை காலையில் வழக்கமாகச் சொல்லும் "வரேன்" கூடச் சொல்லாமல் கிளம்பினாய். சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். தனபால் அண்ணன்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

உன் கை முன்ன மாதிரி இல்ல. நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். எத்தனை ராத்திரி அதை நினைத்து நான் விழித்திருப்பேன், சொல்லு?

போன மாத மழையில் ஷெட்டின் தகரம் ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் சுவர் வழியாகச் சமையலறைக்குள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பக்கெட்டோடு போனேன். நீ போர்த்திவைத்த தார்ப்பாயின் மேல் தண்ணீர் குளமாக நின்றது. தூக்கிப் பார்த்தால் சேஸ் முழுக்கத் துரு. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. பெயின்ட் ஷாப்காரியின் வீட்டில் துருவா?

அடுத்த லீவு நாளில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பக்கம் ஒரு மூலையைத் தேய்த்தபோது நான் போட்ட வெள்ளை வட்டம் தெரிந்தது. பாதி வட்டம்தான். மீதி இருந்த இடத்தை யாரோ கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மஞ்சள் மார்க்கரில் ஒரு டிக்.

யாரோ என்ன யாரோ. நீதான்.

எழுந்துபோய் அடுத்த வட்டத்திலும் துருவைத் துடைத்துப் பார்த்தேன். அங்கேயும் டிக். ஆறு இடத்தில் ஆறு டிக். எல்லாமே மறுபடி போட்ட வெல்டிங். நாணயங்களை வரிசையாகச் சாய்த்து வைத்தது போல ஒரே சீராக இருந்தது. பின்பக்கம் இருந்த ஏழாவது வட்டத்தை மட்டும் நீ தொடவே இல்லை. அதற்குக் கீழே உன் கோணல் எழுத்து: "இது நல்லாதான் கீது. வந்து பாரு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் மாமா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாங்க. உன் எழுத்தைக் காட்டினேன். ஒரு வட்டம்கூட விடாமல் என்ன நடந்தது என்று அப்போதுதான் அவங்களிடம் சொன்னேன். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாங்க. "செத்தும் வாய் அடங்கல பாரு இவனுக்கு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாங்க. அப்புறம் என் தலையில் கை வைத்து, "இதையா ஒன்னேகால் வருசமா உள்ள வச்சிகினு இருந்தே? பைத்தியக்காரி" என்றாங்க.

உன் நெஞ்சு ஏன் நின்றது என்று எனக்கு இப்போதும் தெரியாது. டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் நீ என்மேல் கோபமாகப் போகவில்லை. என்னை மறுபடி கூப்பிட நினைத்துக்கொண்டே போயிருக்கிறாய். அது போதும் எனக்கு.

இருந்தாலும் உன் பேச்சை அப்படியே நம்பிவிடுவேனா? தனபால் அண்ணனைக் கூப்பிட்டேன். விரிசல் பார்க்கும் ஸ்ப்ரே டப்பாக்களோடு வந்தார். ஏழாவது இணைப்பைத் துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் அடித்தார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை மாவு அடித்தார். உள்ளே விரிசல் இருந்தால் சாயம் கசிந்து சிவப்புக் கோடாக வெளியே வரும். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து நிமிடம் ஆனது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"சகாயம் கெலிச்சிட்டான் தங்கச்சி. நீ போட்டது தப்பு வட்டம்" என்றார் அண்ணன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பெயின்ட் அடிக்கும் அன்று ஒரு சங்கடம். மார்க்கர் எழுத்தை அழிக்க வேண்டும். போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். தின்னரில் நனைத்த துணியோடு போனால் கை வரவில்லை.

"அழிக்கணுமா?" என்றாங்க அத்தை.

"அழிச்சாதான் பெயின்ட் புடிக்கும் அத்தை. இல்லன்னா அங்கருந்துதான் உரிய ஆரம்பிக்கும்."

அத்தை அந்த எழுத்துக்கு எதிரில் குனிந்தாங்க. பிறகு துணியை என் கையிலிருந்து வாங்கி, குழந்தைக்கு முகம் துடைப்பது போல மெதுவாக அவங்களே துடைத்தாங்க.

தூசி கிளம்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தோம். கல் குவாரி லாரிகள் நம் ரோட்டில் ஓடாத நாளாகப் பார்த்துதான் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டேன். மாதா கோயில் பூசைக்குக்கூடச் சனிக்கிழமை மாலையே போய்விட்டு வந்தோம். ப்ரைமர் காய்ந்து, மேல் பூச்சு இரண்டு தடவை. அத்தை ஸ்ப்ரே கன் ஹோஸைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாங்க. துணி கட்டிய மூக்கோடு "இங்க உட்டுட்டே, இங்க உட்டுட்டே" என்று எனக்கே இன்ஸ்பெக்‌ஷன். நீ கறுப்பு கேட்டாய். நான் வெளிர் சாம்பல் அடித்திருக்கிறேன். பின்னால் எங்கேயாவது மயிரிழை விரிசல் விட்டாலும் இந்த நிறத்தில் உடனே தெரியும். திட்டுவதானால் திட்டிக்கொள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது ஷெட் கதவு திறந்திருந்தது. சேஸுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாங்க. நாற்காலிக் கால் பெயின்ட்டில் படாமல் பார்த்துத்தான் போட்டிருந்தாங்க.

"இன்னா அத்தை இங்க?"

"ரெண்டு சீட்டுதானே இதுல? நீ அந்தாண்ட உக்காந்து ஓட்டு. இந்தாண்ட எனக்கு" என்றாங்க.

அடுத்து பிரேக், அதற்கப்புறம்தான் இஞ்சின். தனபால் அண்ணன் ஞாயிறுதோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் படப்பையில் டிரைவிங் கிளாஸில் சேர்ந்துவிட்டேன். கிளட்சு இன்னும் சரியாக வரவில்லை. எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும். லேஅவுட்டில் அந்த நான்கு சுற்றை உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஓட்டுவேன். சத்தியமாக ஓட்டுவேன். அதுவரைக்கும் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கவும் செய்வேன். இப்போதெல்லாம் தூக்கம் வருகிறது மாமா.

உன்னோடு சண்டை போட்ட, உன்னோடு சமாதானமான
உன் பொண்டாட்டி,
ஸ்டெல்லா